பாதாம் திரும்பிய இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மரியாதை.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் என் அக்கா மகன் குதிரை ஏறினான். குதிரைக்காரர் கூடவே நடக்கவில்லை. டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டார். குதிரை ஈர மணலில் தானாகப் போயிற்று. கருங்கல் கொட்டிக் கிடக்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டது. பையன் இன்னும் போகச் சொல்லிக் காலால் தட்டிப் பார்த்தான். அது காதில் வாங்கவில்லை. இங்கே குதிரைக்காரர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். குதிரை சட்டென்று திரும்பி, நேராக அவர் முன்னால் வந்து நின்றது.

"அதுக்கு ஊரு அவ்ளோதான் சார்," என்றார். "அந்தக் கல்லு வரிக்கும்தான்."

வீட்டுக்கு வந்து நானும் விரலை வாயில் வைத்துப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே விசிலடிக்க வராது. அக்கா மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நடந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் நான் கட்டியது. ஒரு மனிதர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு வந்து, அவர் செய்யாத ஒரு காரியத்தை அவர் தலையில் ஏற்றப்போகிறேன். இதில் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விடுகிற அளவுக்கு வெட்கம் இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

டெக்சஸின் புழுதி மைதானத்தில், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கிழட்டு ரோடியோ வீரன் தன் கடைசி

(கடைசி என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன். ரோடியோ என்பது திமிறுகிற குதிரைமேலும் காளைமேலும் உட்கார்ந்து, கீழே விழாமல் தாக்குப்பிடிக்கிற அமெரிக்க விளையாட்டு. ஒரு பத்திரிகை ஆசிரியர், உலகத்தரமாக ஒரு கதை கொடுங்கள் என்று கேட்டதால் வந்த வினை. நான் இதுவரை ஏறித் தாக்குப்பிடித்த ஒரே மிருகம் 21ஜி பஸ்.)

இரண்டாவதாக எழுதிய தொடக்கம்:

பீர் முஹம்மது நல்லவர்.

இதை வைத்துக்கொண்டேன். கதை முடியும்வரை இந்த வரியை அடிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போகப்போகக் கை துறுதுறுக்கும்.

3

பீர் முஹம்மதுவுக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் வீடு, பட்டினப்பாக்கத்தில் லாயம். வாழ்க்கையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வாலிப வயதில், காணும் பொங்கலன்று கடற்கரையில் கூட்டம் அலைமோதும்போது, ஓடுகிற குதிரையிலிருந்து பக்கவாட்டில் தொங்கி, மணலில் கிடக்கும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போவார். அவருடைய நிக்காஹ் பேசினபோது பெண்வீட்டார் விசாரித்துத் தெரிந்துகொண்டதே 'அந்தக் கர்ச்சீப் எடுக்கிற பையன்' என்றுதான். மனைவி தபஸ்ஸும் இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள்.

அவருக்குக் கை தளர்ந்தபிறகு குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இந்துப் பிள்ளை, கிறித்தவப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று பார்த்ததில்லை. பயப்படுகிற பிள்ளையை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார். எல்லாருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்.

"குதிர உன் பேச்சக் கேக்கும், லகான் பேச்சக் கேக்கும். ஆனா என் விசில் கேட்டுச்சின்னு வெச்சிக்க, எவன் மேல ஒக்காந்துகினு இருந்தாலும் திரும்பி என்னாண்ட வந்துரும். பயப்படாம போ."

அந்த விசில்தான் பிள்ளைகளுக்குத் தைரியம். எங்கே போனாலும் கூப்பிட்டுக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறார் என்ற தைரியம்.

இரண்டு பெண்கள் மட்டும் கடைசிவரை நின்றார்கள். ஒருத்தி அவருடைய மகள் மெஹக். நடக்கப் பழகுவதற்கு முன்பே சேணத்தில் உட்கார்ந்தவள். இன்னொருத்தி தமிழ்மொழி. அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவள். குடிசையை எடுத்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டபிறகும், விடிவதற்கு முன் பஸ் மாறி மாறி வந்து லாயத்தில் நிற்பாள். அப்பா இல்லாத பெண். ஒரு தடவை விழுந்து முழங்கை பெயர்ந்தபோது, பீர் முஹம்மது தூக்கிக்கொண்டு ஓடினார். அன்றைக்கு வலியில் நைனா, நைனா என்று கத்தினாள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. சொந்த மகளுக்கு அவர் அத்தா. இவளுக்கு நைனா.

(இந்த இடத்தில் தமிழ்மொழிதான் மெஹக்கைவிட நல்ல சவாரிக்காரி என்று எழுதிவிட வேண்டும். பீர் முஹம்மதுவுக்கு அது தெரியும். தெரியும் என்பதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.)

4

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய குதிரைப் பயிற்சிப் பள்ளி. பெயர் வேண்டாம். பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் பயிற்சியாளர் தேவை என்றார்கள். ஒரே ஒரு இடம். அந்தப் பள்ளிக்காரருக்குக் கொஞ்சம் ஜம்பம் அதிகம். நேர்காணலெல்லாம் எதற்கு, கொட்டிவாக்கம் கடற்கரையில் ஓட்டம் வைத்துவிடுவோம், கொடியை முதலில் தொடுகிறவளுக்கு வேலை என்றுவிட்டார்.

பீர் முஹம்மது இரண்டு பெண்களையும் கொண்டுபோனார். அவரிடம் இருந்தது இரண்டு குதிரை. பாதாம், வேகமான குதிரை. அவர் கையிலேயே வளர்ந்தது. சர்பத் போன வருஷம் வாங்கியது, ஓடும், ஆனால் இன்னும் அவருடைய விசிலுக்குப் பழகவில்லை. யாருக்கு எது என்று தபஸ்ஸும் முதல் நாளே கேட்டாள்.

"பாதாம் தமிழுக்கு."

"பெத்த பொண்ணு ஒண்ணு கீதே, அது கண்ணுக்குத் தெரியலயா?"

"சர்பத் மெஹக்குக்குக் கேக்கும். பாதாம் தமிழுக்குக் கேக்கும். அதான் நியாயம்."

தபஸ்ஸும் அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி. மகளைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார், கடற்கரையில் குதிரை ஓட்டுகிற பெண்ணா என்று எழுந்து போனபோதும் இப்படித்தான் பேசாமல் இருந்தாள். மகளைக் குதிரைமேல் ஏற்றியது பீர் முஹம்மதுவின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பலனைக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. அந்த வேலை அதற்குத்தான்.

இவ்வளவையும் மீறித்தான் நல்ல குதிரையைத் தமிழ்மொழிக்குக் கொடுத்தார். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. நானும் அடிக்கடி மறந்துவிடுகிறேன்.

5

ஓட்டம் தொடங்கியது. பீர் முஹம்மது தொடங்கிய இடத்திலேயே, படகுகளுக்குப் பக்கத்தில் நின்றார். மற்ற பெண்கள் பாதியிலேயே பின்தங்கிவிட்டார்கள். தமிழ்மொழியும் மெஹக்கும் மட்டும் முன்னால். கொடி நெருங்க நெருங்கப் பாதாம் விலகி விலகிப் போயிற்று. சர்பத் பின்னால் வந்தது. இளைஞர்கள் மணலில் குதித்துக்கொண்டு ஊளையும் விசிலுமாக இருந்தார்கள்.

அப்போது பீர் முஹம்மதுவின் இரண்டு விரல்கள்

(இங்கேதான் ஒரு மாதம் நின்றேன். எழுதிப் பார்த்தவற்றை அப்படியே வைக்கிறேன்.)

அ. அவரை அறியாமலே விரல்கள் வாய்க்குப் போயின. ஆயுள் முழுக்கப் பழகிய பழக்கம்.

ஆ. தபஸ்ஸுமின் முகம் ஒரு கணம் கண்ணில் வந்து போயிற்று. விரல்கள் வாய்க்குப் போயின.

இ. மெஹக் தோற்கிறாள் என்று தெரிந்தது. பாதாம் தன் விசிலுக்குத் திரும்பும், சர்பத் திரும்பாது என்பதும் தெரிந்தது. விரல்களை வாயில் வைத்தார்.

முதலாவதைத்தான் நெடுநாள் வைத்திருந்தேன். பழக்கம் என்று எழுதிவிட்டால் அவரும் தப்பித்துக்கொள்ளலாம், நானும் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவதில் பழி தபஸ்ஸுமின் தலையில் விழுகிறது. பாவம், அவள் அங்கே இல்லவே இல்லை. மூன்றாவதுதான் நடந்தது. நான்தான் நடத்தினேன். ஆனாலும் நடந்தது.

விசில் அடித்தார்.

அத்தனை விசில்களுக்கு நடுவில் பாதாமுக்கு அது தெரிந்தது. கொடிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது காதை மடக்கித் திரும்பியது. வேறு யாராயிருந்தாலும் தூக்கி எறியப்பட்டிருப்பார்கள். தமிழ்மொழி விழவில்லை. அவள் விழாமல் உட்கார்ந்திருந்ததும் பீர் முஹம்மது சொல்லிக்கொடுத்ததுதான். பாதாம் அவளைச் சுமந்துகொண்டு ஓடிவந்து, பழகிய பழக்கத்துக்கு, நேராக அவர் முன்னால் நின்றது.

அங்கே சர்பத்மேல் வந்த மெஹக் கொடியைத் தொட்டாள். இங்கே கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. போன்களைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பீர் முஹம்மது ஈரமான இரண்டு விரல்களையும் லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

தமிழ்மொழி குதிரைமேல் இருந்தபடியே அவரைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது.

"லகான லூசா வுட்டுட்டேன் நைனா. கெலிச்சிட்டோம்னு நெனச்சிட்டேன். என் தப்புதான்."

அவர் வாயைத் திறந்தார்.

"வுடு. பரவால்ல," என்றார்.

விசிலைக்கூட ஒரு நொடிக் கிறுக்கு என்று சொல்லலாம். அவள் கேட்ட மன்னிப்பை அவர் வாங்கிக்கொண்டதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. அதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

6

இடையில் ஒரு சங்கடம்.

என் அக்கா மகனுக்கு ஓட்டை வாய். அவன் போய் நிஜக் குதிரைக்காரரிடம், எங்க மாமா உங்களப் பத்திக் கதை எழுதுறாரு என்று சொல்லிவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்ததும் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னா சார், நம்மளப் பத்தி எளுதினு கீறியாமே?"

"சும்மா, ஒரு கற்பனை."

"எளுது எளுது. எம் பொண்ணுக்குப் படிச்சிக் காட்டுறேன். நல்லதா எளுது சார்."

சரி என்று தலையாட்டினேன். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் எனக்கும் ஒரு டீ சொன்னார். குடித்தேன். கச்சேரி சாலை வழியாக வீட்டுக்கு நடந்து வரும்போது கதையைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கணினியில் இருப்பதை எப்படிக் கிழிப்பது? அப்படி ஒரு சாக்கு.

(கிழிக்காததால் கதை தொடர்கிறது. அவர் இதைப் படித்தால் என்ன சொல்வார் என்று கேட்காதீர்கள்.)

7

மெஹக்குக்கு வேலை கிடைத்தது. தபஸ்ஸும் பிரியாணி செய்து தெரு முழுக்கக் கொடுத்தாள். எல்லாரும் போனபிறகு, தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க சொன்னதுதான் சரிங்க. நான்தான் புரிஞ்சிக்கல."

இருபது வருஷத்துக்கு மேலாக அவர் கேட்க ஏங்கிய வார்த்தை. தண்ணீர் குடித்தார். காரம் ஜாஸ்தி என்று சொல்லி எழுந்துகொண்டார்.

தமிழ்மொழி லாயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தி.நகரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். பீர் முஹம்மது ரங்கநாதன் தெருவுக்குப் போனார். எதிர்க்கடை வாசலில், வளையல் பார்ப்பதுபோல் நின்றார். கண்ணாடிக்கு உள்ளே தமிழ்மொழி கடைச் சேலை உடுத்தி, ஓர் அம்மாவுக்கு நைட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் போனதும் எல்லாவற்றையும் மடித்து அடுக்கினாள். அவர் உள்ளே போகவில்லை. வெளியே நின்றவரை ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்துவிட்டார்.

பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பவர் பின்வரிசைக்குப் போனார். ஏன் பாய் என்று கேட்டவர்களிடம் முட்டி வலி என்றார்.

ஓட்டம் நடந்த நாளிலிருந்து அவர் விசில் அடிக்கவில்லை. பாதாம் வழக்கம்போல் கல் வரைக்கும் போய் நிற்கும். விசிலுக்காகக் காதைத் திருப்பிக்கொண்டு காத்திருக்கும். பீர் முஹம்மது மணலில் கால் புதையப் புதைய அவ்வளவு தூரமும் நடந்துபோய், லகானைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார். சுண்டல் விற்கிற பையன்கள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் கேட்டார்கள்.

"இன்னா பாய், ரிமோட் ரிப்பேரா?"

அவரும் சிரித்தார். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதல் பாடம் சொல்ல வேண்டிய நேரத்தில், நேரே இரண்டாம் பாடத்துக்குப் போனார். எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்து, பயப்படாம போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

8

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெஹக்குக்கு விடுமுறை. குதிரைப் பள்ளியின் சீருடைச் சட்டையோடு அத்தாவைப் பார்க்கக் கடற்கரைக்கு வந்து, டீக்கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றாள். (விசில் அடித்தது அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறேன். ஓடும்போது கொடியை மட்டும்தான் பார்த்தாளாம். அதற்குமேல் நான் அவளைக் கேட்கவில்லை.)

சாலைப் பக்கமிருந்து தமிழ்மொழி வந்தாள். மெஹக்கைப் பார்த்துத் தலையசைத்தாள். பாதாமின் கழுத்தைத் தடவினாள். அது மூக்கை அவள் தோளில் வைத்துக்கொண்டது. பிறகு பீர் முஹம்மதுவின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு ரவுண்டு வேணும், பாய்."

பாய். முகம் தெரியாதவர்கள் அவரைக் கூப்பிடுகிற பெயர். மணலுக்கு வருகிற எல்லாரும் கூப்பிடுகிற பெயர். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அந்த வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. கால் வைத்து ஏற அங்கவடியைப் பிடித்துக் கொடுத்தார். அவள் அவர் கையைத் தொடாமல் ஏறி உட்கார்ந்தாள்.

"தமிழு, நான் வந்து…"

"வாணாம் பாய்," என்றாள். மெஹக்குக்குக் கேட்காத குரலில்தான் பேசினாள். "வாயால சொல்லாத. வாயால சொன்னா நீ அளுவ, நானும் அளுவேன். அப்பால பரவால்லன்னு சொல்லிருவேன். எனக்குப் பரவால்லன்னு இல்ல."

அவர் தரையைப் பார்த்தார்.

"ஊரெல்லாம் நான் லகான லூசா வுட்டேன்னு சொல்லிகினு கீது. நானே சொன்னதுதான். வூட்ல படுத்துகினு யோசிச்சா, என் கை லகான வுடவே இல்ல. உன் விசில நான் எத்தினி வருசமா கேட்டுகினு கீறேன், எனக்குத் தெரியாதா? ஆனாலும் சந்தேகமா கீது பாய். நைனா போய் அப்டி செய்யுமான்னு. அந்த சந்தேகம் என்ன சாவடிக்குது." லகானை எடுத்துக்கொண்டாள். "அந்தக் கல்லாண்ட போய் நிக்கிறேன். நீ ஒரே ஒரு தபா விசிலடி. அதே விசிலா இல்லயான்னு நான் கேட்டுக்கிறேன். நடந்து மட்டும் வராத."

பாதாமைத் தட்டினாள். அது ஈர மணலில் நடந்துபோயிற்று.

9

முடிவுகள்.

ஒன்று: பீர் முஹம்மது விசிலடிக்கிறார். பாதாம் திரும்பி வருகிறது. தமிழ்மொழி இறங்கி, நைனா என்கிறாள். மெஹக் ஓடிவந்து, இந்த வேலை உனக்குத்தான்டி என்று கட்டிப்பிடிக்கிறாள். கடல் அலை வந்து எல்லார் காலையும்

இதை எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. அப்படி இருந்ததே கேவலமாகவும் இருந்தது. அவள் மன்னிக்க வரவில்லை. அவளை மன்னிக்கவைத்துவிட்டால் நானும் பரவால்ல என்று வாங்கிக்கொண்டவன்தான்.

இரண்டு: அவர் விசிலடிக்கவில்லை. இருட்டுகிறது. தமிழ்மொழி இறங்கி, பாதாமை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பெரும்பாக்கம் பஸ்ஸுக்கு நடக்கிறாள். பீர் முஹம்மதுவின் மானம், மகள், மகளின் வேலை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். இதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

மூன்றாவது ஒன்றும் உண்டு. நானே அவருக்குப் பதிலாக அடித்துவிடலாம் என்று, எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன். காற்றுதான் வந்தது. பக்கத்து அறையில் அக்கா மகன் சிரித்தான்.

ஆகவே கதையை இந்த இடத்தில் நிறுத்துகிறேன். தமிழ்மொழி கல்லுக்குப் பக்கத்தில், குதிரைமேல், இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பாதாம் காதைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. மெஹக் டீயைக் குடிக்காமல் அத்தாவையே பார்க்கிறாள். விசில் கேட்டால், அன்றைக்குப் பாதாம் ஏன் திரும்பியது என்பது அவளுக்கும் விளங்கிவிடும். பீர் முஹம்மதுவின் இரண்டு விரல்களும் உதட்டருகே வந்துவிட்டன. உதடு காய்ந்து கிடக்கிறது. எச்சிலைக் கூட்டிக்கூட்டிப் பார்க்கிறார்.

பீர் முஹம்மது நல்லவர் என்ற வரியை நான் இன்னும் அடிக்கவில்லை.

எனக்கு விசிலடிக்க வராது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். உங்களுக்கு வருமா?